தண்ணீர் நின்ற நாளில் ஒரு சோதனை

டேல் ஸ்கோக்மோ ஒரு நாள் தன் கையில் வசமாக மாட்ட வேண்டும். மூன்று வருடமாக லோர்னா விர்டனனுக்கு இருந்த ஆசை இது ஒன்றுதான்.

அமெரிக்காவின் மினசோட்டாவில், ஏரிக்கரை ஊர் அது. அங்கே கடையும் அலுவலகமும் உள்ள கட்டடங்களின் அடித்தளத்தில் ஒரு தடுப்பு வால்வு இருக்கும். கட்டடத்தின் அழுக்குத் தண்ணீர் ஊர்க் குடிநீர்க் குழாய்க்குத் திரும்பிப் போகாமல் அது காக்கும். உரிமம் பெற்றவர் வருடம் ஒருமுறை அதைச் சோதித்து அறிக்கை தர வேண்டும். லோர்னா அந்த வேலையில் இருந்தாள். டேல் மேலாளராக இருந்த ஆறு மாடிக் கட்டடத்தில் வால்வு தேறவில்லை. தேறியதாக எழுதச் சொன்னான், மறுத்தாள். மறு வாரமே, அவள் நேரில் வராமலே அறிக்கை எழுதுகிறாள் என்று புகார் கொடுத்தான் அந்தப் புண்ணியவான். எட்டு மாதம் உரிமம் முடங்கியது. ஊரெல்லாம் பெயர் நாறியது.

இப்போது அவள் குடிநீர்த் துறையில் அந்த அறிக்கைகளைச் சரிபார்க்கிறவள். மேலாளர் என்று டேல் கையெழுத்திட்ட, அதே கட்டடத்தின் அறிக்கை மேசைக்கு வந்தது. சோதனை நடந்த நாள் ஜூன் பன்னிரண்டு. அன்று குழாய் உடைந்து, அந்தத் தெருவில் பொழுது சாயும்வரை சொட்டுத் தண்ணீர் இல்லை. தண்ணீரின் அழுத்தம் இல்லாமல் அந்த வால்வைச் சோதிக்கவே முடியாது. லோர்னா அதை நான்கு தடவை படித்தாள். படிக்கப் படிக்க இனித்தது.

மறுநாள் காலையில் அழுத்தமானியோடு அந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில் இறங்கினாள்.

"என்ன லோர்னா, பழி வாங்க வந்தியா?" என்றான் டேல்.

"சோதிக்க வந்தேன். லைட்ட இந்தப் பக்கம் காட்டு."

தேறக் கூடாது என்று வேண்டிக்கொண்டே மானியை வால்வில் பொருத்தித் திருகினாள். தேறாவிட்டால் அப்போதே கட்டடத்துக்குத் தண்ணீரை நிறுத்தலாம். அங்கே வாடகைக்கு இருக்கும் காபிக்கடைக்காரரும் பல் மருத்துவரும் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். முள் இரண்டு புள்ளி நான்கில் நின்றது. இரண்டு இருந்தாலே போதும். பாழாய்ப்போன வால்வு ஒழுங்காக வேலை செய்தது.

டேல் சிரித்தான். "ஒன்னு புள்ளி எட்டுன்னு எழுதிக்கயேன். யாரு பாக்கப் போறா? ஆசையாத்தான இருக்கு?"

ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் எழுதினால் இவன் அன்று சொன்ன பொய் உண்மையாகிவிடும். இரண்டு புள்ளி நான்கு என்று அழுத்தி எழுதினாள். பிறகு அவன் அனுப்பிய அறிக்கையை நீட்டினாள்.

"வால்வு நல்லாருக்கு டேல். ஆனா ஜூன் பன்னெண்டு இங்க தண்ணியே இல்லையே, எத வச்சு சோதிச்சாங்க?"

அவன் தேதியைப் பார்த்தான். கீழே தன் கையெழுத்தைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

"சோதனைக்காரன் அனுப்பினான், படிக்காம போட்டுட்டேன். சத்தியமா லோர்னா. இத விட்டுடு, என் வேலை போயிடும்."

"வியாழக்கிழமை பத்து மணிக்கு விசாரணை. அங்கயும் இதையே சொல்லு. நானும் உண்மையத்தான் சொன்னேன். எட்டு மாசம் ஒருத்தரும் நம்பல."