சுத்தக்காரரின் கைக்குட்டை

மேலாளரை நினைத்தாலே பிளாஸ்மா இயந்திரம் ஓட்டுகிறவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கழுவிக் கவிழ்த்த தம்ளரையும் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் குடிப்பார். மூக்குச் சிந்துவதும் அதே கைக்குட்டையில்தான். பெரிய சுத்தக்காரர்!

அந்த இயந்திரத்தின் பிளாஸ்மா பட்டு, கண்ணுக்குத் தெரியாத பிசுக்கும் போன எவர்சில்வர் தகட்டில் தண்ணீர் முத்தாக நிற்காமல் படர்ந்து பரவும். அப்படிப் பரவினால்தான் பசை நன்றாகப் பிடிக்கும். விரல் பட்டால் போச்சு, மறுபடி பிசுக்கு ஏறிவிடும். "கை வைக்காதீங்க சார்" என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியிருந்தாள்.

தகடு வாங்க வந்தவர்கள் முன்னால் அவர் அதைக் கைக்குட்டையால் பளபளவென்று தேய்த்துவிட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். அது குண்டுமணியாட்டம் உருண்டு நின்றது.

"தண்ணி சரியில்லம்மா, வேற கொண்டா" என்று அவளை அதட்டியபடி, அந்தச் சொட்டையும் துடைத்தார்.