செத்தவீட்டில் சொன்ன சொல்

போன கிழமை எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். வெளிக்கிடும் நேரம் ஒரு இளம் வாத்தியார் வீட்டுக்காரரின் கையைப் பிடித்து, "அப்ப போட்டு வாறன்" என்றார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் கால் அப்படியே நின்றுவிட்டது.

உங்களுக்குத் தெரியும், நாங்கள் "போறன்" என்று சொல்லமாட்டோம். கடைக்குப் போனாலும் கொழும்புக்குப் போனாலும் "போட்டு வாறன்"தான், போய்விட்டு வருகிறேன் என்று. செத்தவீட்டில் மட்டும் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போகவேண்டும். அங்கே அப்படிச் சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். இது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

அன்று முற்றத்து மூலையில் யாரோ சுருட்டுப் பற்றினார்கள். அந்த மணம் என்னைப் பண்டத்தரிப்புச் சுருட்டுக் கொட்டிலுக்குக் கொண்டுபோனது. ஜப்பான் சண்டைக்கு முந்திய காலம். பாணியில் ஊறின புகையிலை மணம் எத்தனை தரம் கழுவினாலும் சோற்றுக் கையை விட்டுப் போகாது. வரிசையாகப் பலகை வைத்துச் சுற்றுவோம். பக்கத்துப் பலகை கந்தையா அண்ணையுடையது. என்னைவிட நாலு வயது மூப்பு. நான் பெரிய கூச்சக்காரன். முதலாளி ஏதும் கேட்டால் என் பதிலையும் அவர்தான் சொல்லுவார்.

"உவன் வாய் திறந்தா சுத்தின சுருட்டெல்லாம் அவிண்டு போமெண்டு பயப்பிடுறான்" என்று கொட்டில் சிரிக்கும்.

"விடுங்கோடாப்பா, அவனுக்கும் சேத்து நான் கதைக்கிறன்தானே" என்பார் அண்ணை. அந்த ஒரு மனிசருக்குப் பக்கத்தில் இருக்கும்போதுதான் எனக்கு ஊர் பயமில்லாமல் இருந்தது.

அவருடைய தாய் மோசம்போனார். செத்தவீட்டில் நான் விறகு பிளந்தேன், தண்ணீர் சுமந்தேன். ஆறுதலாக ஒரு வசனம் சொல்லவேண்டுமென்று மனதுக்குள் கட்டிக்கொண்டே இருந்தேன். வெளிக்கிடும்போது அண்ணை வாசல் படலையடியில் நின்று என்னைப் பார்த்தார். கட்டி வைத்த வசனம் வரவில்லை. நாக்குக்குப் பழகினதுதான் வந்தது.

"அண்ணை, அப்ப நான் போட்டு வாறன்."

உள்ளே ஒப்பாரி நின்றது. "எட விசரா!" என்று யாரோ கத்தினார்கள். அண்ணை மெல்ல, "சரி, நட" என்றார்.

தாய்க்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. அதற்கு முன்னமே அவர்கள் படலையில் வேப்பிலை தொங்கியது. அம்மை என்று நாங்கள் வாயால் சொல்வதில்லை. "அம்மாள் வந்திருக்கிறா" என்போம். வேப்பிலையைக் கண்டால் வெளியார் உள்ளே போகக்கூடாது. நான் ஒழுங்கையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். அவர்களுடைய நாலு வயதுப் பெட்டைப்பிள்ளைக்குத்தான் வருத்தம். ஒன்பதாம் நாள் பிள்ளை செத்துப்போய்விட்டது.

செய்தி கேட்டு ஓடினேன். என்னைக் கண்டதும் அண்ணையின் மனைவி பொன்னம்மாக்கா அழுகையை நிறுத்தினார்.

"வாறனெண்டு சொல்லிப்போட்டுத்தானே போனனீ. வந்திட்டாய். வா, வந்து பார்."

அண்ணை நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். எனக்காக ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அடுத்த கிழமை தன் பலகையைக் கொட்டிலின் மற்ற மூலைக்குக் கொண்டுபோனார். அம்மை தொற்றி வருகிற நோய் என்று பள்ளிக்கூடத்தில் நானும் படித்தவன்தான். அந்த எட்டாம் வகுப்புப் படிப்பை அவரிடம் கொண்டுபோய் எப்படிச் சொல்வது? எனக்கே அது போதவில்லை.

இரண்டு வருசத்தால் என் தாய் மோசம்போனபோது அவர் வந்தார். பாடைக்குத் தடி வெட்டினார். எல்லாம் முடிந்ததும் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போனார். முறையும் அதுதான். முறைக்காகப் பேசாமல் போனாரா, என்னோடு பேச மனமில்லாமல் போனாரா? படலை வரைக்கும் பின்னால் போனேன். கேட்க வாய் வரவில்லை.

பிறகு கொட்டில் மூடப்பட்டது. அண்ணை குடும்பத்தோடு வன்னிக்குப் போனார். அங்கே அவர் மோசம்போனது மூன்று மாதம் கழித்துத்தான், சந்தையில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு நிற்கும்போது, எனக்குத் தெரிந்தது. எங்கள் ஆட்கள் சாவென்றால் வீடுவீடாக ஆள்விட்டுச் சொல்லுவார்கள். பேச்சுவார்த்தை இல்லாத கோபக்காரனுக்கும் சொல்லுவார்கள். எனக்கு ஒருவரும் சொல்லிவிடவில்லை.