ஆயுதபூசையன்று சோதனைக்கு வந்த ஸ்டெல்லா அக்கா

போன திங்கட்கிழமை காலை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "ஸ்டெல்லா அக்கா போயிட்டாங்க." வாயில் நுரையோடு அப்படியே நின்றேன். கோவை மருத்துவமனை ஒன்றின் ஆவணப் பிரிவை முப்பது வருடம் கட்டிக்காத்த சத்தியமங்கலத்துக்காரர். அவரிடம் பழகிய நீங்கள் எல்லோரும் ஒருமுறையாவது திட்டு வாங்கியிருப்பீர்கள். நான் வாங்கியதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் சிங்காநல்லூரில் நான்கு கம்ப்யூட்டரை வைத்து டேட்டா என்ட்ரி நிலையம் தொடங்கியிருந்தேன். நோயாளிகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை அந்த மருத்துவமனை வெளியே கொடுக்கவிருந்தது. அது கிடைத்தால்தான் நிலையம் நிமிரும். எங்களை நம்பலாமா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் அக்கா. ஒத்திகைக்காகக் கொஞ்சம் நோயாளிகளின் தாள்களை அனுப்பியிருந்தார். புதுப் பூட்டு வாங்கினேன், பாஸ்வேர்டு வைத்தேன், வருவார் வருவார் என்று வாசலையே பார்த்தேன். வரவில்லை.

வந்தது ஆயுதபூசையன்று. நம்மூரில் அன்றைக்கு எந்தப் பட்டறைக் கதவு சாத்தியிருக்கும்? கம்ப்யூட்டருக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்து, வந்த தாள்களையும் பயபக்தியோடு சாமி படத்தின் முன் அடுக்கியிருந்தேன். பக்கத்து லேத் பட்டறை ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். அக்காவும் பொரிகடலை வாங்கிக்கொண்டு, "நல்லா இருங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து வந்து என் மேசையில் ஒரு தாளை வைத்தார். ஓரத்தில் எங்கள் குங்குமம்.

"உங்க பூசையிலிருந்து எடுத்துக்கிட்டுப் போனனுங்க. ஒருத்தருங்கூட என்ன ஏதுன்னு கேக்கலீங்களே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நல்ல நாளும் அதுவுமா திருட்டுச் சோதனையாங்க்கா?" என்று கத்தினேன்.

"பூட்டிக் கெடக்கறன்னிக்கு எல்லா ஊடும் பத்திரந்தானுங்க தம்பி. தெறந்துபோட்டன்னிக்கு வந்தாத்தானே தெரியும்?" தாளிலிருந்த விலாசத்தைக் காட்டினார். எங்களுக்கு அடுத்த தெருப் பெண், வயது இருபது, கீழே நோயின் பெயர். "பொரி வாங்க வந்தவங்கள்ல இந்தப் புள்ளையப் பொண்ணு கேக்கற ஊட்டுக்காரங்க இருந்திருந்தா?"

கத்தினவன் எழுந்துபோய் மீதித் தாள்களை எண்ணினேன். வேலை கிடைக்கவில்லை.

கல்யாணப் பத்திரிகை அடித்து ஒரு வருடம் ஓட்டினேன். தாளை எண்ணி வாங்கி, எண்ணித் திருப்பிக் கொடுக்கவும் பழகினோம். அடுத்த ஆயுதபூசைக்கு நானே நேரில் போய் அழைத்தேன். வந்தார். இம்முறை பூசையில் தாள் ஒன்றுகூட இல்லை. சும்மா இருப்பாரா? மெல்ல, தாள்கள் இருந்த உள்ளறைப் பக்கம் நகர்ந்தார். எங்கள் ஆபரேட்டர் சாந்தி குறுக்கே போய் நின்றாள்.

"உள்ள யாரும் போகக்கூடாதுங்க்கா."

"உங்களுக்கு வேலை குடுக்கறதா வேண்டாமான்னு சொல்றவளே நாந்தானுங்க அம்மணி."

"யாரா இருந்தாலும் அப்படித்தானுங்க்கா."

அத்தனை பேர் முன்னாலும் அக்கா கைதட்டிச் சிரித்தார். அடுத்த வாரமே வேலை வந்தது. இன்றுவரை எங்களிடமிருந்து ஒரு தாள் வழி தவறிப் போனதில்லை.

கடைசி மாதங்களில் அதே மருத்துவமனைக்கு அவரைக் காரில் கூட்டிப்போய் வந்தவன் நான்தான். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் பத்துப் பேராவது என் காதருகே வந்து, "ஏனுங்க, அக்காளுக்கு என்ன சீக்குங்க?" என்று கேட்டார்கள். படிக்கும் உங்களுக்கும் அந்தக் கேள்வி இருக்கும்.

எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.