சிஸ்டரிடம் சொன்னது

என் வீட்டுக்காரர் கன்னியப்பனுக்கு முதலில் வந்த அறிகுறி கை நடுக்கம். காலையில் கிழிந்த வலையைப் பின்ன உட்காருவார். வலைக்கண்ணுக்குள் ஊசி போகாது, மேலும் கீழும் ஆடும். ஒரு கிளாஸ் சாராயம் உள்ளே போனால் நடுக்கம் நின்றுவிடும். சாராயம்தான் அவருக்கு மருந்து என்று நம்பிச் சில காலைகளில் நானே ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள், ஆனால் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நாங்கள் பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கும் குப்பத்துக்காரர்கள். எங்களுக்குப் 'பாடு' உண்டு. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை போடலாம் என்ற முறை அது. அரசாங்கம் சாராயக்கடை திறந்த வருஷம் அவர் மூன்று பாட்டைத் தவறவிட்டார். ஊர் கூடியது. அம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றி, அதைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். அப்படிச் சத்தியம் செய்தவர் அந்த நிமிஷத்திலிருந்து ஒரு சொட்டும் தொடக்கூடாது, தொட்டால் பாடு போய்விடும். அவரும் தொடவில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

மூன்றாம் நாள் மத்தியானம் பாயில் உட்கார்ந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாயா பண்றே?"

"எறா ஊருதுமே. கூடைய எடுத்துக்கினு வா."

பாயில் இறாலும் இல்லை, ஒன்றும் இல்லை. சாயங்காலம் வலிப்பு வந்தது. அம்மன் கோபம் என்று வேப்பிலை அடித்தார்கள். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில், குடிகாரனுக்கெல்லாம் படுக்கை கிடையாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். கடைசியில் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே ஒரு சின்ன வயது டாக்டர், கடைசியாக எப்போது குடித்தார் என்று கேட்டார்.

"மூணு நாளாச்சு சார். கற்பூரம் அட்ச்சி சத்தியம் பண்ணிட்டாரு," என்றேன் பெருமையாக.

"அதனாலதாம்மா இப்படி ஆச்சு. வருஷக்கணக்கா குடிச்ச உடம்பு. திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. மருந்து குடுத்துத்தான் நிறுத்தணும்."

இதற்கு டெலிரியம் (புத்தி தடுமாறி இல்லாததையெல்லாம் காணும் நிலை) என்று பெயர் சொன்னார். நரம்புக்கு வைட்டமின் ஊசி போட்டார்கள். நடுக்கத்தை அடக்க மாத்திரை கொடுத்து, அதையும் நாளுக்கு நாள் குறைத்தார்கள். "இது கெட்ட புத்தி இல்லம்மா, நோய்," என்று டாக்டர் சொன்னபோது அழுதுவிட்டேன். அதுவரை யாரும் எங்களிடம் அப்படிப் பேசியதில்லை.

ஆறாம் நாள் அவருக்குத் தெளிந்தது. என் நோய் அன்றுதான் ஆரம்பித்தது.

அந்த வார்டில் ரோஸி என்று ஒரு சிஸ்டர். தினமும் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்காருவார். "கையை நீட்டுங்க கன்னியப்பன்," என்பார். நடுக்கம் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு பேச்சுக் கொடுப்பார். என்னிடம் ஒரு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷன், அவரிடம் மடை திறந்தது போலப் பேசினார்.

ஒருநாள் தண்ணீர் பிடித்துக்கொண்டு வரும்போது, திரைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். எங்கள் முதல் குழந்தை பிறந்த ஒன்பதாம் நாள் போய்விட்டது. அதைப் புதைத்துவிட்டு வந்த கையோடுதான் முதல் கிளாஸைக் குடித்தாராம். கூட்டாளிகள் கெடுத்துவிட்டார்கள் என்றுதான் நான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். பெற்றவள் நான். என்னிடம் சொல்லாததை, வெள்ளைத் தொப்பி வைத்த ஒருத்தியிடம் சொல்கிறார்.

வீட்டுக்கு வந்த பிறகும் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை போய்க் காட்ட வேண்டும். அன்றைக்கு மட்டும் வெள்ளைச் சட்டை போடுவார், தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாருவார். கல்யாணத்தன்றுகூட அப்படி வாரவில்லை. நான்காம் மாதம் என்னால் தாங்க முடியவில்லை.

"அந்த சிஸ்டர வேற ஊருக்கு மாத்திட்டாங்களாம்," என்றேன்.

"யார் சொன்னது?"

"மீன் வாங்க வந்த அம்மா சொல்லிச்சி."

சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு ஏரிக்குப் போனார். ஜெயித்துவிட்டது போல இருந்தது எனக்கு. அடுத்த மாதமும் அவர் போகவில்லை. அதற்கடுத்த வாரம் குடித்தார். மறுவாரம் படகிலிருந்து சேற்றில் விழுந்து, மூக்கு வாயெல்லாம் சேறு அடைத்து, அரை உயிராகத் தூக்கிவந்தார்கள்.

மறுபடி அதே வார்டு. அவருக்கு நினைவு திரும்பியபோது ரோஸி சிஸ்டர்தான் எதிரே நின்றார்.

"ஏன் ரெண்டு மாசமா வரலை?"

"நீங்க மாத்தலாயிட்டீங்கன்னு..." என்று இழுத்த அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"நான்தான் பொய் சொன்னேன்," என்றேன்.

சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. இந்த நோயில் மறுபடி குடிப்பது பலருக்கும் நடப்பதுதான், பழியை முழுக்கத் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

என் வீட்டுக்காரர் கொஞ்சம் தேறிய பிறகு கேட்டே விட்டேன். "புள்ள விஷயத்த எங்கிட்ட ஏன்யா சொல்லல?"

கூரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவங்ககிட்ட சொல்லிட்டு பஸ் ஏறிடலாம். உங்கிட்ட சொன்னா, அந்த மூஞ்சிய தெனம் ஊட்ல பாக்கணும்மே."

அன்று இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். ஒன்பது நாள் குழந்தைக்காக நாங்கள் சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவை.

இதெல்லாம் நடந்து நான்கு வருஷம் ஆகிறது. முன்பெல்லாம் விளக்கு வைக்கும் நேரம் வந்தால் என் மூக்குத்தான் முதலில் வாசலுக்குப் போகும், சாராய வாடை வருகிறதா என்று. இப்போது அந்த வாடையும் இல்லை, பொழுது போவதும் தெரிவதில்லை. எங்கள் வீட்டில் மாதம் என்பது ஒரு ஆஸ்பத்திரிச் செவ்வாயிலிருந்து அடுத்த ஆஸ்பத்திரிச் செவ்வாய் வரைதான். சத்தியம் தவறியது நோயால்தான் என்று டாக்டர் சொன்னதை ஊரில் சொல்லி மன்னிப்புக் கேட்டோம், பாடு அவர் பேரிலேயே இருக்கிறது. உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். உங்கள் வீட்டு ஆள் யாரிடம் வாய் திறக்கிறாரோ, அந்த இடத்துக்கு அவரைப் போகவிடுங்கள்.

எனக்குப் பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அதுவும் பொய்தான். வெள்ளைச் சட்டைக்கு நானே நீலம் போட்டு வைக்கிறேன், மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டே. அதை அவரும் கண்டுபிடித்திருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் வாசலில் நின்று, நான் கேட்காமலே இரண்டு கையையும் என் முன்னால் நீட்டுகிறார். விரல் ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். சிஸ்டர் எனக்கு அப்புறம்தான் பார்க்கிறார்.