ஐந்து சம்மதம், ஒரே பேனா

போன சனிக்கிழமை காலை ஒரு மரபணு ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுக்க நான் சம்மதித்தேன். மூலக்குளத்தில், சித்தப்பா வீட்டு டைனிங் டேபிளில், நீல மையில், என் முழுப் பெயரில்! ஒரே ஒரு சிக்கல்... அந்த நேரத்தில் நான் வில்லியனூர் ரோட்டில் ஸ்கூட்டரோடு டிராபிக்கில் நின்றுகொண்டிருந்தேன்.

கையெழுத்துப் போட்டது சித்தப்பா. அவர் அப்படித்தான். பிள்ளைகளின் ரேங்க் கார்டு, கேஸ் புக், சித்தியின் பேங்க் ஃபாரம் - வீட்டில் யார் பெயருக்கும் அவர்தான் கையெழுத்து. சித்தியின் பெயரைச் சித்தியைவிட அழகாகப் போடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

விஷயம் இதுதான். சித்தப்பா மகன் செந்திலுக்கு முப்பத்திரண்டு வயது. சில வருஷமாகக் கண்பார்வை ஓரங்களிலிருந்து குறுகி வருகிறது. நேரே இருப்பது தெரியும். பக்கத்தில் இருக்கும் ஸ்டூலில் இடித்துக்கொள்வான். பரம்பரையாக வருவதாக இருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவனுக்கு இரண்டு வயதில் யாழினி என்று ஒரு பெண். "இவளுக்கும் வருமா?" அவனுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். அதற்கு அவன் ரத்தம் மட்டும் போதாது, அப்பா அம்மா ரத்தமும் வேண்டுமாம். அக்கா கலாவும் பெரியப்பா மகளான நானும் கொடுத்தால் நல்லதாம்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆராய்ச்சி டாக்டர் - சின்னப் பெண்தான் - ஐந்து படிவங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அஞ்சும் ஒரே கை மாதிரி இருக்கே?"

"ஆமா மதாம், நான்தான் போட்டேன். உங்களுக்கு வேலை மிச்சம்." பிரெஞ்சுப் பள்ளியில் இரண்டு வருஷம் படித்த மிச்சம், எந்த டாக்டரம்மாவும் அவருக்கு மதாம்தான்.

"அவங்கவங்க படிச்சுட்டு அவங்கவங்கதான் சார் போடணும். நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியாப் பேசணும்."

ஐந்து படிவங்களின் குறுக்கேயும் கோடு விழுந்தது. சித்தப்பா முகம் சுருங்கிவிட்டது. "எம் பொண்டாட்டிகிட்ட தனியா என்ன பேசுறது?" என்று என்னிடம் முணுமுணுத்தார்.

பத்து நிமிஷம் கழித்துச் சித்தி அறையிலிருந்து வந்தார். "நான் வேணாம்னுட்டேன்" என்றார்.

சித்தி ஒரு விஷயத்தை வேண்டாம் என்று சொல்லி நாங்கள் யாரும் கேட்டதே இல்லை. டாக்டர் மட்டும், "சரிம்மா, அது உங்க உரிமை" என்று சாதாரணமாகச் சொன்னார். செந்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். எனக்கு அவனைப் பார்க்கவே முடியவில்லை.

சித்தி பின்னாலேயே சமையலறைக்குப் போனேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும்: சித்தி யாரோ இல்லை, சித்தப்பாவின் சொந்த அக்கா மகள். இன்றைக்கும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவார்.

கேசரியைக் கிளறிக்கொண்டே சொன்னார். "சொந்தத்துல கட்டுனதாலதான் வந்துச்சுன்னு அந்தப் பேப்பர்ல வந்துட்டா? எம்புள்ள மூஞ்சில நான் எப்படிடி முழிப்பேன்?"

அடுப்பைக் கொஞ்சம் தணித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"மாமன் இருக்கறப்ப வெளிய எதுக்குத் தேடணும்னு முடிவு பண்ணிட்டாங்க. என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. என்னைக் கேக்காம நடந்ததுக்கு நான் எப்படிப் பதில் சொல்றது? இன்னிக்குதான் ஒருத்தி வந்து, உங்களுக்குச் சம்மதமான்னு கேட்டா. வேணாம்னு வாயில வந்துடுச்சு."

யோசித்துப் பாருங்கள். என் ரத்தம் என்னுடையதா? செந்திலுடையதைப் பார்த்தால் சித்தியின் கதை தெரிகிறது. சித்தியுடையதைப் பார்த்தால் என் கதையிலும் பாதி வந்துவிடும். தெரிந்துகொள்ள ஒருவருக்கு உரிமை என்றால், தெரியாமலே இருந்துவிட இன்னொருவருக்கு உரிமை இல்லையா? இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே குக்கரில் சாப்பிடும்போது யாருடைய உரிமையை முதலில் பரிமாறுவது? சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

செந்தில் கதவு நிலையைத் தடவிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். எல்லாம் கேட்டிருக்கிறான்.

"யாரால வந்துச்சுன்னு எனக்கு வேணாம்மா. எனக்கு யாழினிய பத்தி மட்டும்தான் பயம்." அம்மா முகத்துக்கு நேரே திரும்பினான். "ஆனா நீ வேணாம்னா வேணாம். உன் இஷ்டம். நான் கோவிச்சுக்க மாட்டேன்."

சித்தி அடுப்பை அணைத்தார். முந்தானையில் கண்ணைத் துடைத்தார். "என் கண்ணாடி எங்க?" என்றார்.

படிவம் நான்கு பக்கம். வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். பெயர் வெளியே தெரியுமா என்று கேட்டார். நம்பர்தான் இருக்கும் என்றார் டாக்டர். "வேற ஆராய்ச்சிக்கும் எங்க ரத்தத்த எடுத்துப்பீங்களா?" "நீங்க இங்க டிக் பண்ணினாத்தான்மா." சித்தி அங்கே டிக் செய்யவில்லை. முடிவைச் செந்திலிடம் சொல்லலாம் என்பதற்கு ஆம். தனக்குச் சொல்ல வேண்டுமா? இல்லை. கடைசியில் தன் பெயரைத் தானே எழுதினார், வசந்தா என்று.

"கொஞ்சம் கோணலா இருக்கே" என்றார் சித்தப்பா.

"இருந்தா என்ன மாமா? என்னுதுதானே."

சித்தப்பாவும் செந்திலும் கலாவும் அவரவர் படிவத்தைப் படித்துப் போட்டார்கள். நானா? பத்திரிகையில் ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிற நான், வீட்டில் படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்து, இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

டாக்டர் போனபிறகு எல்லோருக்கும் கேசரி கிடைத்தது. சித்தி தன் பிரதியின் கடைசி வரியை மறுபடி எடுத்து, எங்களுக்குக் கேட்கிற மாதிரி படித்தார். "எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம்." கண்ணாடியைக் கழற்றினார். "அன்னிக்கு நம்ம கல்யாணத்துக்கும் இப்படி ஒரு ஃபாரம் குடுத்திருக்கலாம் மாமா."

சித்தப்பா கையில் ஸ்பூன் அப்படியே நின்றது. நிஜமாகவே பயந்துவிட்டார். "குடுத்திருந்தா?"

"கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்றார் சித்தி, அவர் தட்டில் இன்னொரு கரண்டி வைத்துக்கொண்டே. "ஆனா நானே போட்டிருப்பேன்."