கடலை மறித்தவர்கள்

ஜூன் 17, காலை 10.40. பலெர்மோவின் புந்தா ராய்சி விமான நிலையத்தில் இறங்கினேன். ஹலிஃபக்ஸில் ஏறி, பிராங்பர்ட்டில் ஐந்து மணி நேரம் கொட்டாவி விட்டு, ரோமில் இன்னொரு விமானம் மாறி, ஆக மொத்தம் இருபத்திரண்டு மணி நேரம். ஒரு பக்கம் மொட்டை மலை, மறு பக்கம் கண்ணைக் கூசவைக்கும் நீலத்தில் தண்ணீர். கனடாவில் நான் வேலை செய்யும் கரையில் கடல் சேற்று நிறம். அதைப் பார்த்துப் பழகிய எனக்கு இந்த நீலம் கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பட்டது.

பையில் மூன்று போத்தல் மேப்பிள் பாணியும் கோப்பை துடைக்கிற ஒரு துணித் துவாயும் இருந்தன. துவாயில் பழைய அக்கேடியாவின் வரைபடம் அச்சடித்திருந்தது. விலை பதினான்கு டொலர். கேட்டு வாங்கியவள் என் தங்கை மகள் டிலானி, பதின்மூன்று வயது. நான் இத்தனை தூரம் வந்ததே அவளுடைய பரீட்சைக்குத்தான்.

இத்தாலியில் எட்டாம் வகுப்பு முடிவில் ஒரு வாய்மொழிப் பரீட்சை உண்டு. பிள்ளை ஒரு தலைப்பை எடுத்து, சரித்திரம், புவியியல், ஆங்கிலம், பிரெஞ்சு என்று எல்லாவற்றையும் அதில் கோத்து ஆசிரியர்கள் முன் பேச வேண்டும். கதவு திறந்திருக்கும், உறவினரும் உட்கார்ந்து கேட்கலாம். டிலானி எடுத்தது அக்கேடியா. கனடாவின் கிழக்குக் கரையில் பிரெஞ்சுக்காரர் முதன்முதலாகக் குடியேறிய நிலம் அது. ஆங்கிலேயர் பிடிப்பதும் பிரெஞ்சுக்காரர் மீட்பதுமாக நூறு வருடத்துக்கு மேல் இழுபறி. கடைசியில் 1755இல் அந்தக் குடியானவர்களை ஆங்கிலேயர் கப்பல்களில் ஏற்றித் திக்குக்கு ஒன்றாக அனுப்பிவிட்டார்கள். அவர்களுடைய பழைய ஊர்களில் ஒன்று கிராண்ட் பிரே. ஹலிஃபக்ஸிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர். கோடையில் அங்கே வான் வண்டி ஓட்டிப் பயணிகளைக் கூட்டிச் செல்வது என் பிழைப்பு. ஆகவே டிலானிக்கு நான்தான் பேராசிரியர். தொலைபேசியில் பதினொரு குரல் பதிவுகள் அனுப்பியிருந்தேன். எல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காதில் விழுந்த சரித்திரம்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. டிலானிக்குத் தொழிற்கல்விதான் சரிவரும் என்று பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். வெறும் ஆலோசனைதான், கட்டாயமில்லை. தங்கை ஜெசிந்தா அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, மொழிகள் படிக்கிற லிசேயோ என்ற மேல்நிலைப் பள்ளியில் பிள்ளையின் பெயரைப் பதிந்துவிட்டாள். இப்போது டிலானி தடுமாறினால், "நாங்கள் அப்போதே சொன்னோமே" என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் அவள் பயந்தாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

நகரத்துக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர், பஸ்ஸுக்கு ஆறரை யூரோ. சாரதி என் முகத்தைப் பார்த்து "ஸ்ரீலங்கா?" என்றார். "ஓம், கனடாவும்" என்று கை காட்டிச் சொன்னேன். இரண்டு நாட்டுக்கு இவ்வளவு சின்னப் பெட்டியா என்று என் பெட்டியைக் காட்டிச் சிரித்தார்.

பகல் 1.00. சீசா என்ற பகுதியில் தங்கை வீடு, மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை. ஜெசிந்தா மொண்டெல்லோவில் ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் வேலை செய்கிறாள். எனக்காக இரண்டு நாள் லீவு எடுத்திருந்தாள். சோற்றைப் போட்டுக்கொண்டே முறைப்பாடும் வைத்தாள்.

"அண்ணை, ரெண்டு மாசமா இவள் பிரெஞ்சுக்காரன், இங்கிலிசுக்காரன் எண்டே கதைக்கிறாள். ரெண்டும் வெள்ளைக்காரன்தானே. என்னத்துக்கு அடிபட்டவங்கள்?"

"மீனுக்கும் நிலத்துக்கும்."

"அப்ப எங்கடை மன்னார் மீன்பிடிச் சண்டைதான்" என்று சொல்லி இன்னொரு துண்டு மீனை என் தட்டில் வைத்தாள்.

மாலை 4.30. டிலானி என்னைக் கால்சாவுக்குக் கூட்டிப்போனாள். புதுச் சுண்ணாம்பு பூசிய மாளிகையும் அதன் பக்கத்திலேயே உடுப்புக் காயும் ஒடுங்கிய வீடுகளுமாக இருக்கிற துறைமுகப் பகுதி. வழியெல்லாம் அவள்தான் பேசினாள்.

"மாமா, 1713இலை அக்கேடியாவைப் பிரெஞ்சுக்காரன் இங்கிலிசுக்காரனுக்கு எழுதிக் குடுத்தவன் எல்லே? உட்ரெக்ட் எண்ட இடத்திலை. அங்கைதான் சிசிலியையும் ஸ்பெயின்காரன் சவோய் எண்ட ராச குடும்பத்துக்குக் குடுத்தவன். ஒரே ஒப்பந்தம். உங்களுக்குத் தெரியுமே?"

"கொஞ்சம் தெரியும்" என்றேன். துளியும் தெரியாது. ஒரே மேசையில் இருந்து என்னுடைய ஊரையும் அவளுடைய ஊரையும் கைமாற்றியிருக்கிறார்கள் என்பதைப் பத்து வருடம் வான் ஓட்டியும் நான் அறியவில்லை.

தெருமுனை வண்டியில் பனெல்லே வாங்கித் தந்தாள். கடலைமாவைக் காய்ச்சி, தட்டையாக வெட்டி, எண்ணெயில் பொரித்துப் பாண் ரொட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள். மூன்று யூரோ. கடலை வடையின் ஒல்லியான தம்பி என்று சொல்லலாம். வண்டிக்காரர் என்னிடம் ஒரு கொண்டைக்கடலையைத் தூக்கிக் காட்டி, "சிச்சிரி" என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். திருப்தியாகத் தலையாட்டினார்.

"இல்லாட்டி உங்களைக் கொன்றிருப்பினம்" என்றாள் டிலானி. எழுநூறு வருடத்துக்கு முன்பு சிசிலியைப் பிரெஞ்சுக்காரர் ஆண்டபோது பலெர்மோ சனம் கிளர்ந்தெழுந்ததாம். யார் பிரெஞ்சுக்காரன் என்று கண்டுபிடிக்கக் கடலையைக் காட்டிச் "சிச்சிரி" சொல்லச் சொல்வார்களாம். வாய் வராதவன் செத்தான். கதைதான், ஆனால் இந்த ஊரில் எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. நாங்களும் இலங்கைக் கலவரங்களில் ஒரு சிங்களச் சொல்லைச் சரியாகச் சொல்லி உயிர் தப்பியவர்களையும் சொல்ல வராமல் தப்பாதவர்களையும் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்கள்.

கடற்கரை வாங்கில் உட்கார்ந்து, அவள் பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே கொடுத்துவிட்ட கட்டுரையின் பிரதியை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு போனாள். எல்லாம் நன்றாகவே போனது, ஆறாம் பக்கம் வரைக்கும்.

"அக்கேடியா ஆக்கள் கடலை மறிச்சு வைச்சவை. அதாலைதான் அவைக்கு நல்ல வயல் கிடைச்சது."

"ஓம், சரிதானே."

"படமும் கீறினனான்" என்று திருப்பிக் காட்டினாள். மண் அணை ஒன்று அழகாக வரைந்திருந்தது. அணைக்குப் பின்னால் மூட்டை மூட்டையாகக் கொண்டைக்கடலை.

என் நாலாவது குரல் பதிவைத் தேடிப் போட்டேன். என் குரல் சொன்னது: "அவை கடலை மறிச்சு வயல் எடுத்தவை, பிள்ளை." கடல் நீரை மண் அணை கட்டி மறித்து, ஒருவழிக் கதவு வைத்த மதகால் உப்புத் தண்ணீரை வடியவிட்டு, சேற்று நிலத்தை வயலாக்கினார்கள் அந்த மக்கள். அதைத்தான் சொன்னேன். தமிழில் கடலுக்கு ஒரு ஐ சேர்த்தால் கடலை ஆகிவிடும் என்பது எனக்கு அதுவரை உறைக்கவேயில்லை. டிலானியோ பலெர்மோப் பிள்ளை. பிரெஞ்சுக்காரன் என்றால் கடலைக்குப் பயந்தவன். ஆங்கிலேயன் அதைக் காட்டிச் சோதிப்பதற்கு முன்பே எல்லாக் கடலையையும் அக்கேடியா ஆட்கள் பதுக்கிவிட்டார்கள் என்று தானே காரணமும் கண்டுபிடித்து அரைப் பக்கம் எழுதியிருந்தாள்.

"ஒவ்வொண்டையும் ஏழு தரம் கேட்டனான் மாமா" என்றாள். படத்தைக் கையால் மூடிக்கொண்டாள். "நீங்கள் சொன்னால் சரி எண்டு வேறை ஒண்டும் பாக்கேல்லை."

அந்த இடத்திலேயே கடலில் குதித்துவிடலாம் போல இருந்தது எனக்கு. வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் ஜெசிந்தா அகப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். டிலானி முதலில் முறைத்தாள். பிறகு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழும்பிப் போய் அலமாரியில் எதையோ தேடினாள்.

ஜூன் 18, காலை 9.30. ஜன்னல்களெல்லாம் திறந்த வகுப்பறை. நீள மேசைக்குப் பின்னால் ஆறு ஆசிரியர்கள். ஆங்கில ஆசிரியை விசிறியோடு ஒரு முனையில், பிரெஞ்சு ஆசிரியை கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்தபடி மறு முனையில். இருபது நிமிடத்தில் யாருக்கு எத்தனை நிமிடம் என்று அவர்களுக்குள் மெல்லிய இழுபறி. ஜெசிந்தா அதை என் காதில் மொழிபெயர்த்தபோது, இன்னும் உட்ரெக்ட் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

டிலானி துவாயைக் கரும்பலகையில் மாட்டினாள். கொஞ்சம் பிரெஞ்சு, கொஞ்சம் ஆங்கிலம், மிச்சம் இத்தாலியன். கோட்டை கைமாறியது, பெயர் மாறியது, சனம் இரண்டு அரசருக்கும் நடுவில் நின்றது. ஆறாம் பக்கம் வந்ததும் நிறுத்தினாள். பையிலிருந்து ஒரு கிண்ணம் கொண்டைக்கடலையை எடுத்து மேசையில் வைத்தாள். ஜெசிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இந்தப் பக்கம் பிழை என்றாள் டிலானி. அது எப்படிப் பிழையானது என்று ஆரம்பத்திலிருந்து சொன்னாள். பிறகு ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கடலையை வைத்து, "இப்ப நீங்கள் தமிழிலை கடலை எண்டு சொல்லுங்கோ" என்று கேட்டாள்.

"கதாலே" என்றார் ஆங்கில ஆசிரியை. "கத்தலாய்" என்றார் பிரெஞ்சு ஆசிரியை. கணக்கு ஆசிரியருக்கு நாக்கு எங்கேயோ போனது. ஆறு பேரும் ஒருவரை ஒருவர் திருத்தப் பார்த்து எல்லோருமே தோற்றார்கள். அறை முழுக்கச் சிரிப்பு. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, ஒளிக்கவில்லை. சிரிப்பு அடங்கியதும் நடுவில் இருந்த தலைவர் கேட்டார், அப்படியென்றால் அந்த மக்கள் உண்மையில் எதைத்தான் மறித்தார்கள் என்று.

"கடல்" என்றாள் டிலானி இத்தாலியனில். மதகின் ஒருவழிக் கதவு எப்படி வேலை செய்யும் என்று கட்டுரையின் பின்பக்கத்தில் கீறியும் காட்டினாள். பிரெஞ்சு ஆசிரியை கடிகாரத்தைப் பார்க்க மறந்துபோனார்.

ஜூன் 22, காலை 6.15. விமான நிலைய பஸ். ஜெசிந்தா பொதி செய்து தந்த பனெல்லே மடியில் சுடச்சுட இருந்தது. முடிவு இன்னும் வரவில்லை. கோட்டைகள் இருந்த இடத்தில் இன்று புல்தான் இருக்கிறது, அந்தக் குடியானவர்கள் போட்ட அணை வரிசையோ இன்றும் தண்ணீரைத் தடுத்துக்கொண்டு நிற்கிறது என்று என் பயணிகளுக்கு வழக்கமாகச் சொல்வேன். இனிமேல் சொல்லும்போது டிலானியின் மூட்டைகள் நினைவுக்கு வராமல் இராது.

ஜூன் 26, பிற்பகல் 2.00. கிராண்ட் பிரே. பயணிகளை அணை மேல் நடக்க விட்டுவிட்டு வான் கதவில் சாய்ந்து நின்றேன். தொலைபேசி அதிர்ந்தது, டிலானியின் குரல் பதிவு.

"மாமா, ஒன்பது. பத்துக்கு ஒன்பது. கடலைக்கு ஒண்டு வெட்டிப்போட்டினம் போலை. லிசேயோவுக்குப் போறன்."

கடல் பெருக்கு நேரம், பழுப்புத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்கு அதைச் சொல்லவேண்டும் போல இருந்தது. குரல் பதிவை அழுத்தினேன். "பிள்ளை, இப்ப இஞ்சை வெள்ளம் ஏறுது. அணை அப்பிடியே நிண்டு கடலை…" என்று தொடங்கி, சட்டென்று நிறுத்தி, "கடல் தண்ணியை மறிச்சுக்கொண்டு நிக்குது" என்று திருத்தி அனுப்பினேன்.

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது.

"கடலை எண்டே சொல்லுங்கோ மாமா. எனக்கு விளங்கும்."