தெரியும் என்று சொல்லி வாங்கிய படகு

மூன்று வருடங்களுக்கு முன், பொங்கல் விடுமுறையின் கடைசி நாள். மனைவியையும் அப்போது எட்டாம் வகுப்பில் இருந்த மகளையும் அழைத்துக்கொண்டு வேப்பம்பட்டிலிருந்து பழவேற்காடு ஏரிக்குப் போயிருந்தேன். எனக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர் வேலை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட வருபவரிடம் லைசென்ஸ் இருக்கிறதா, பயிற்சி முடித்திருக்கிறாரா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவதும் அதில் அடக்கம். லைசென்ஸ் முடிந்து ஒரே நாள் ஆனவரைக்கூட வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். இதைச் சொன்னால்தான் அன்றைக்கு நான் செய்தது எப்படிப்பட்டது என்று புரியும்.

கரையில் ஒருவர் ஃபைபர் படகை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். அவரே ஓட்டி வருவதாகத்தான் பேச்சு. எனக்கோ, குடும்பத்தோடு தனியாகப் போய் நாலு படம் எடுக்க வேண்டும் என்று ஆசை. "நானே ஓட்டிக்கிறேன். கேரளாவுல ஓட்டியிருக்கேன்" என்றேன்.

அது பொய். கேரளாவில் ஒரு படகு வீட்டில், பக்கத்தில் ஆள் நிற்க, பத்து நிமிடம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான்.

அவர் தயங்கினார். "மெய்யாவே தெரியுமா சார்? ஊட்டு ஆளுங்கள வச்சிக்கினு போறீங்க" என்றார்.

"தெரியும்பா" என்றேன்.

"செரி. அதோ வலை கட்டின கழிங்க தெரியுது பாருங்க, அதுக்கு இந்தாண்டையே சுத்துங்க. அந்தாண்ட போவாதீங்க. தண்ணி வத்துற நேரம், முகத்துவாரத்துக்கு இஸ்துக்கினு பூடும்."

மோட்டாரின் கைப்பிடியைப் பற்றியும் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். தெரியும் என்று மறுபடி தலையாட்டிவிட்டேன். கொடுத்த லைஃப் ஜாக்கெட்டுகள் ஈரமாக, மீன் வாடையோடு இருந்தன. மகளுக்கு மட்டும் என் மனைவி பிடிவாதமாக மாட்டிவிட்டாள். எங்களுடையவை பலகைமேல் கிடந்தன.

முதல் பத்து நிமிடம் நேர்வழி, நன்றாகவே போனது. வலப்பக்கம் கழிகள் நெருங்கியதும் இடது பக்கம் திரும்பலாம் என்று கைப்பிடியை இடது பக்கம் தள்ளினேன். படகு வலது பக்கம் போனது. இன்னும் பலமாகத் தள்ளினேன். படகு இன்னும் வேகமாக வலது பக்கம் திரும்பி, இரண்டு கழிகளுக்கு நடுவே பாய்ந்தது. அந்த மோட்டாரில் கைப்பிடியை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் படகு திரும்பும். படகுக்காரர் சொல்ல வந்தது அதைத்தான். இரண்டு முறை உறுமிவிட்டு மோட்டார் நின்றது. தண்ணீருக்கடியில் சுழலும் அதன் விசிறியில் வலை சுற்றிக்கொண்டது.

கொஞ்ச நேரம் அந்த வலையே எங்களைப் பிடித்து வைத்திருந்தது. பிறகு ஒரு கழி பிடுங்கிக்கொண்டு வந்தது. படகு வலையையும் இழுத்துக்கொண்டு மெதுவாக நகர ஆரம்பித்தது. தூரத்தில், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் அலை உடைவது வெள்ளையாகத் தெரிந்தது. மோட்டார் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தேன். மனைவி, "இன்னாங்க, உங்களுக்குத் தெரியும்தானே?" என்று கேட்டாள். நான் கயிற்றையே மறுபடி இழுத்தேன்.

அப்போதுதான் கொஞ்சம் தள்ளி ஒரு பெண்ணைப் பார்த்தேன். தலை மட்டும் வெளியே தெரியத் தண்ணீருக்குள் குனிந்து, கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்ததைப் போடும் ஓலைக்கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கூடையை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கத்தினார்.

"யோவ், எறங்குயா! இடுப்பளவு தண்ணிதான்! எறங்கிப் புடி!"

எனக்கு நம்பிக்கை வரவில்லை. நடு ஏரி, கரை எங்கேயோ இருக்கிறது.

"இன்னும் கொஞ்சம் போனா ஆள் முங்கிடும்! இப்பவே எறங்கு!"

கண்ணை மூடிக்கொண்டு குதித்தேன். கால் மணலில் நின்றது. தண்ணீர் இடுப்புக்குத்தான் இருந்தது. படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நீர் இழுத்த இழுப்பில் காலடி மணல் கரைந்துகொண்டே இருந்தது.

அந்தப் பெண் நடந்து வந்தார். வலையை அறுத்துவிடலாமா, கத்தி இருக்கிறதா என்று கேட்டேன். "இன்னொருத்தர் பொழப்பு அது, அறுக்காத. நீ படகப் புடி, போதும்" என்றார். தண்ணீருக்குள் கையை விட்டு, பார்க்காமலே, விரலால் தடவித் தடவி வலையைப் பிரித்தார். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். பிரித்ததும் கழியைப் பழைய இடத்திலேயே ஊன்றினார். மோட்டாரைத் தொடாமல் எந்தப் பக்கமாகப் படகைத் தள்ளிக்கொண்டு நடந்தால் கடைசிவரை ஆழம் வராது என்று கையை நீட்டிக் காட்டினார். நான் நன்றி சொல்லி முடிப்பதற்குள் கூடையைக் கடித்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

பாதி வழியில் படகுக்காரர் தண்ணீரில் வேகவேகமாக நடந்து எதிரே வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். என் மகளைத்தான் முதலில் பார்த்தார். பிறகு, "எம்மேலதான் தப்பு. தெரியும்னு வாயால சொன்னா குடுத்துர்றதா?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அவர் அப்படிச் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மனைவி, மகள் முன்னாலேயே சொன்னேன்: "எனக்குத் தெரியாது. பொய் சொன்னேன்."

அவரும் சேர்ந்து படகைத் தள்ளிக்கொண்டு நடந்தார். பிறகு, "சார் இன்னா வேலை பண்றீங்க?" என்று கேட்டார்.

"கம்பெனியில" என்றேன். எந்த வேலை என்று சொல்லவில்லை.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆட்களை ஏற்றும் மோட்டார் படகுக்குப் பதிவு வேண்டும், ஓட்டுபவருக்குத் தகுதிச் சான்று வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அவரிடம் அவை இருந்தனவா, எனக்குத் தெரியாது. கேட்கும் யோக்கியதை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. இறங்கும்போது அவர் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது: "இனிமே யாரு கேட்டாலும் நான் கூட வராம படகு போவாது சார்."

"தெரியாது" என்ற ஒரு சொல்லைக் கரையில் நின்றபோதே சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல எனக்கு இடுப்பளவு தண்ணீரும், நான் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாத ஒரு பெண்ணின் அரை மணி நேரமும் தேவைப்பட்டன என்பதை இன்றுவரை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.